அத்தையின் வியாழக்கிழமைகள்

இப்படி என் பக்கத்தில் வந்து உட்கார், கண்ணு. கையில் வேலை இருந்தால் அதையும் தூக்கிக்கொண்டு வா. கை பாட்டுக்குக் கை, காது பாட்டுக்குக் காது. இன்றைக்கு ஒரே ஒரு கடிதத்தின் கதையைச் சொல்லப்போகிறேன். காலையில் ஒருத்தியைப் பூரிக்க வைத்து, மத்தியானம் அவளை ஊமையாக்கி, பொழுது சாய்வதற்குள் மூன்று பெண்களின் வாழ்க்கையில் புகுந்து புறப்பட்ட கடிதம் அது.

போன வாரம் நம் மடிப்புக்காரியை எங்கே விட்டோம்? தபால் நிலைய வரிசையில். பட்டாளத்துத் தபால் வரும் நாளில், காலை ஏழு மணிக்கே பெண்கள் வரிசை வாசலைத் தாண்டி நிற்கும். அந்த வரிசையில் அவள் கைக்கு வந்த உறை, எப்போதும் வருவதைவிடத் தடிமனாக இருந்தது.

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு மடிக்கிறவள் அவள். அவள் மடித்த விரிப்பில் ஓரம் கத்தி வைத்துக் கீறினாற்போல் நிற்கும். அதனால் அங்கே எல்லோருக்கும் அவள் மடிப்புக்காரி. புருஷன் லாரி ஓட்டுகிறவன். போர் வந்ததும் லாரியோடு சேர்த்து அவனையும் பட்டாளம் எடுத்துக்கொண்டது. இரண்டு வருஷமாக முகாமில் சாப்பாட்டு லாரி ஓட்டுகிறான். வீட்டில் அவளும், மாமியாரும், ரேடியோ பழுது பார்க்கிற கொழுந்தனும்.

கல்யாணமாகி ஆறு வருஷம். புருஷன் அடித்ததும் இல்லை, அணைத்துப் பேசியதும் இல்லை. 'வாய்க்குப் பூட்டுப் போட்ட மனுஷன்' என்று அவளே தனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டு விட்டாள்.

ஆனால் மாமியார் அப்படி இல்லை. மருமகளுக்குக் காய்ச்சல் கண்டபோது ஒன்பது நாள் தலைமாட்டில் உட்கார்ந்து ஈரத்துணி மாற்றிய கை அது. வேலை முடிந்து வந்தால், ரொட்டியின் மொறுமொறுப்பான முனையை அவளுக்கென்று தனியாக மூடி வைத்திருப்பாள். தாயில்லாமல் வளர்ந்த பெண்ணுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? புருஷன் எழுதாத வார்த்தையெல்லாம் அத்தை தலையைத் தடவும்போது கிடைத்துவிடுகிறது என்று இருந்தாள்.

சரி, கடிதத்துக்கு வருகிறேன்.

சலவைக்கூடத்தில் கோட்டு மாட்டும் ஆணிகளுக்கு நடுவே நின்றபடியே உறையைப் பிரித்தாள். வழக்கமாக அவன் கடிதம் எப்படி ஆரம்பிக்கும் என்பது அவளுக்கு மனப்பாடம். 'வீட்டிற்கு. நலம். நலமறிய ஆவல். மழை பெய்கிறது. சாப்பாடு பரவாயில்லை.' ஒரு பக்கம் முடிவதற்குள் முடிந்துவிடும்.

இது மூன்று தாள். முதல் வரியே, 'என் சிட்டுக்கு' என்றிருந்தது.

மடிப்புக்காரி தாளைத் திருப்பிப் பார்த்தாள். உறையைத் திருப்பிப் பார்த்தாள். உறையில் அவள் விலாசம், அவன் கையெழுத்து. தாளிலும் அவன் கையெழுத்துதான். ஓரத்தில் லாரி எண்ணெய் விரல் தடம்கூட அவனுடையதுதான்.

"சிட்டு" என்று ஒரு தரம் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள். காது மடல் சூடாகிவிட்டது.

இரண்டு தாள் படிப்பதற்குள் மணி அடித்துவிட்டது. மூன்றாவதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே ஓடினாள்.

விரிப்பு மடிப்பது ஒற்றை ஆள் வேலை இல்லை. ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடக்க வேண்டும், உதற வேண்டும், முன்னால் நடந்து வந்து முனையோடு முனை சேர்க்க வேண்டும். எதிர்முனையில் பத்து வருஷமாக நிற்கிறவள் வம்பக்கா. ஊர் வம்பெல்லாம் அந்த விரிப்பு வழியாகத்தான் போய் வரும். தள்ளி நிற்கும்போது ஊர்ப் பேச்சு, முனை சேரும்போது ரகசியம்.

"என்னடி, மூஞ்சியெல்லாம் பல்லா இருக்கு?"

"லெட்டர் வந்துச்சுக்கா."

"மாசம் ரெண்டு வருதே. அதுக்கெல்லாம் மூஞ்சியை மூணு முழம் தொங்கப் போட்டுக்கிட்டுல்ல வருவ?"

"இது வேற மாதிரி." முனை சேர்ந்தது. காதோடு சொன்னாள். "என்னைச் சிட்டுன்னு எழுதியிருக்காரு."

வம்பக்கா விரிப்பைக் கீழே போட்டுவிட்டாள். "சிட்டா? நீயா? முப்பது விரிப்பை ஒரே தூக்காத் தூக்குறவ நீ. யானைக்குட்டின்னு எழுதியிருந்தா நம்பியிருப்பேன்!"

"சும்மா இருக்கா. மேற்பார்வையம்மா பாக்குது."

"பாக்கட்டும். அதுக்கும் சேத்துச் சொல்லு. வேற என்ன எழுதியிருக்காரு?"

மடிப்புக்காரி சொன்னாள். நடந்து நடந்து, சேர்ந்து பிரிந்து சொன்னாள். பதினொரு நாளாக அங்கே மழை. கூடாரத்துக்குள் தண்ணீர் புகுந்து, காலையில் கண் விழித்தால் எட்டுப் பேருடைய பூட்ஸும் படகு விட்ட மாதிரி மிதக்கின்றன. யாருடையது யாருடையது என்று தேடிப் போட்டுக்கொள்வதற்குள் அணிவகுப்பு விசில் அடித்துவிடுகிறது. வலது காலில் ஒருத்தன் பூட்ஸும் இடது காலில் இன்னொருத்தன் பூட்ஸுமாக நின்றதற்கு இவனுக்கு இரண்டு மூட்டை உருளைக்கிழங்கு உரிக்கும் தண்டனை. குறட்டை விடுகிற கூட்டாளி ஒருத்தன் இருக்கிறான், ரம்பம் என்று பெயர். அவனும் பக்கத்தில் உட்கார்ந்து உரித்தான். 'நான் உன்னை நினைத்துக்கொண்டே உரித்தேன், சிட்டு. கடைசியில் தோலைவிடக் கிழங்கு சின்னதாகிவிட்டது. சமையல்காரன் பார்த்துவிட்டு, காதலிக்கிறவனைக் கிழங்குப் பக்கம் விடாதீங்கடா என்று கத்தினான்.'

"அடியம்மா!" என்றாள் வம்பக்கா. "உன் வீட்டுக்காரருக்கு இவ்வளவு பேச வருமா? ரெண்டு வருஷம் இதையெல்லாம் எங்க வச்சிருந்தாரு?"

"முகம் மழிக்க அவங்க கூடாரத்துல கண்ணாடி இல்லையாம்க்கா. இவரு லாரியோட பக்கக் கண்ணாடியைக் கழட்டிக் குச்சியில கட்டி வச்சிருக்காராம். எட்டுப் பேரும் வரிசையில நின்னு மழிக்கிறாங்களாம். 'என் முறை வரும்போது அந்தக் கண்ணாடியில் என் முகத்துக்குப் பின்னால் நீ நிற்கிறாயா என்று பார்க்கிறேன்'னு எழுதியிருக்காரு."

அந்த வரியை மட்டும் அவள் இரண்டு தரம் சொன்னாள். ஆறு வருஷத்துப் பசி, கண்ணு. ஒரு கவளம் விழுந்தால் விடுவாளா?

"அப்புறம், நான் பாடறதைப் பத்தி ரம்பத்துக்கிட்டச் சொன்னாராம்."

வம்பக்கா உதறுவதை நிறுத்தினாள். "நீ எங்கடி பாடுவ?"

"குழாய்ல தண்ணி பிடிக்கறப்ப ஏதாச்சும் முணுமுணுத்திருப்பேன்."

"ம்."

"நான் மாடி ஜன்னல்ல முழங்கையை ஊனிக்கிட்டு நிக்கறது கண்ணுலயே நிக்குதாம்."

"உங்க வீட்டுக்கு ஏதுடி மாடி?"

"தூரமா இருக்காருல்லக்கா. எதையோ நினைச்சு எதையோ எழுதியிருப்பாரு. பதினொரு நாள் மழையில நனைஞ்சா உங்களுக்குந்தான் மாடி தோணும்."

அவளே சிரித்தாள். வம்பக்கா சிரிக்கவில்லை. வாய் ஓயாத அந்த மனுஷி, அடுத்த பதினேழு விரிப்பை வாய் திறக்காமல் மடித்தாள் என்றால் பார்த்துக்கொள்.

டீ நேரத்தில் மடிப்புக்காரி துணி மூட்டை மேல் உட்கார்ந்து மூன்றாவது தாளை எடுத்தாள்.

'வியாழக்கிழமைகளில் அம்மா உன்னிடம் வந்து உட்காருகிறாள் என்பதுதான் இங்கே எனக்குப் பெரிய பலம். போன கடிதத்தை அவளுக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினாயாமே. ரம்பம் மாவு மூட்டையைக் கட்டிப்பிடித்துத் தூங்கிய இடத்தில் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள் என்று எழுதியிருந்தாய். என் அம்மா அப்படிச் சிரித்து நான் பார்த்து எத்தனை வருஷம் ஆயிற்று! முழங்கால் வலியோடு உன் மாடிப்படி ஏறுகிறாள். அந்த நாற்காலியில் ஒரு தலையணை போட்டு வை. போர் முடியட்டும், சிட்டு. அப்புறம் நீ ஒரு வீட்டிலும் அவள் ஒரு வீட்டிலுமாக இருக்க வேண்டியதில்லை.'

அவள் அதை ஒரு தரம்தான் படித்தாள். இரண்டாம் தரம் தேவைப்படவில்லை.

வியாழக்கிழமை. ஒவ்வொரு வியாழக்கிழமையும் அத்தை மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் சால்வையைப் போர்த்திக்கொண்டு, முழங்காலுக்கு ஒத்தடம் கொடுக்கிற டாக்டரிடம் என்று பஸ் ஏறுவாள். பொழுது சாய்கிற நேரத்துக்குத் திரும்பி வருவாள். முகத்தில் ஒரு தெளிச்சி இருக்கும். 'ஒத்தடம் கேக்குது போல' என்று மடிப்புக்காரி சந்தோஷப்படுவாள். அதுவும், முந்தின நாள் ராத்திரியே அந்த முழங்காலுக்குத் தைலம் தேய்த்துவிட்டவள் அவள்தான்.

புருஷன் கைவிட்டது அப்போது அவளுக்குச் சரியாக உறைக்கவே இல்லை. அவன் எப்போது அவள் கைக்குள் இருந்தான், இப்போது நழுவிப்போக? அத்தைதான். அவள் கையிலிருந்து நழுவியது அந்த ஒருத்திதான்.

"கிழிச்சு அடுப்புல போடு" என்றாள் வம்பக்கா, தோள் வழியாகப் படித்துவிட்டு. "எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு இருந்துடு. போர்ல இருக்கறவன். நாளைக்கு என்னவோ, யாரு கண்டா?"

"இல்லக்கா. எங்க வீட்டுல லெட்டர் வந்தா சத்தமாப் படிக்கணும்."

"என்னடி சொல்ற?"

"அதான் எங்க வீட்டு வழக்கம். அத்தைக்குப் படிக்கத் தெரியாது. வந்ததை வந்தபடி நான்தான் படிப்பேன்."

அவனைப் பற்றி அவள் இனிமேல் கேட்டுத் தெரிந்துகொள்ள எதுவும் இல்லை, கடிதமே சொல்லிவிட்டது. தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அத்தை யார் பக்கம்? அத்தையும் தன் பக்கம் இல்லையென்றால், அந்த வீட்டில் சுவரில் அடித்த ஆணிகூட அவளுக்குச் சொந்தமில்லை.

அன்றைக்கும் வியாழக்கிழமைதான். பன்னிரண்டு மணிக்கு வீட்டுக்குள் நுழைந்தாள். மேசை துடைத்திருந்தது. ரொட்டி முனை மூடி வைத்திருந்தது. அத்தை ஏற்கெனவே சால்வையில் இருந்தாள். குடலெல்லாம் வெளியே கிடந்த ஒரு ரேடியோவை மடியில் வைத்துக்கொண்டு கொழுந்தன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"தபால்ல ஏதாச்சும் உண்டாம்மா?" என்றாள் அத்தை.

"வந்திருக்கு அத்தை."

"படி, படி. எனக்கு ஒண்ணரை மணி பஸ்ஸு. நம்ம பய எழுதறது பஸ் வர்றதுக்குள்ள மூணு தடவை படிச்சு முடிச்சுடலாம்."

கொழுந்தன் சிரித்தான். "அண்ணன் கடிதமா எழுதறாரு? தந்தியில்ல அடிக்கறாரு."

மடிப்புக்காரி கையைக் கழுவித் துடைத்தாள். நின்றுகொண்டே தாளைப் பிரித்தாள். சந்தை விலை வாசிக்கிற குரலில் ஆரம்பித்தாள்.

"என் சிட்டுக்கு."

"யாரு?" கொழுந்தன் நிமிர்ந்தான். "அண்ணனா எழுதியிருக்காரு? அண்ணி, அண்ணனுக்குக் காய்ச்சல் ஏதாச்சும் வந்திருக்கா?"

அத்தை உப்பு டப்பாவை எடுக்கக் கையை நீட்டியிருந்தாள். கை அங்கேயே நின்றது.

மடிப்புக்காரி படித்தாள். மிதக்கும் பூட்ஸைப் படித்தாள். கொழுந்தன் மேசையைத் தட்டிச் சிரித்தான். சிறுத்துப்போன கிழங்கைப் படித்தாள். "சமையல்காரன் சரியாத்தான் சொல்லியிருக்கான்!" என்று ரேடியோவைக் கீழே வைத்தான். அண்ணியைக் கேலி பண்ண வாயெடுத்தவன், அவள் முகத்தைப் பார்த்தான். அப்புறம் அம்மா முகத்தைப் பார்த்தான். சிரிப்பு பாதியில் நின்றது.

"மிச்சத்தைச் சாயங்காலம் கேட்டுக்கறேன்மா" என்று அத்தை எழுந்தாள். "பஸ்ஸு போயிடும்."

"இன்னும் கொஞ்சந்தான் அத்தை. உக்காருங்க."

அந்தக் குரலில் அவள் இதுவரை யாரிடமும் பேசியதில்லை. அத்தை உட்கார்ந்தாள்.

பாட்டைப் படித்தாள். மாடி ஜன்னலைப் படித்தாள். 'வியாழக்கிழமைகளில் அம்மா உன்னிடம் வந்து உட்காருகிறாள்' என்பதையும் அதே குரலில், எழுத்து விடாமல் படித்தாள். கடைசி வரியைப் படித்துவிட்டு, தாளைப் பழைய மடிப்பிலேயே மடித்து மேசை நடுவில் வைத்தாள்.

கொழுந்தன்தான் முதலில் பேசினான். "உறை மாறிடுச்சு." யாரிடமோ கணக்குச் சொல்வதுபோலச் சொன்னான். "அங்க லெட்டரை ஒட்டாமத்தான் குடுக்கணும். அதிகாரி படிச்சு, அடிக்க வேண்டியதை மையால அடிச்சப்புறம், ஒரு குமாஸ்தா உறைக்குள்ள போட்டு ஒட்டுவான். கோந்துன்னு பேரு. அண்ணனே ஒருவாட்டி எழுதியிருந்தாரு. ஒரே நாள்ல ரெண்டு லெட்டர் குடுத்திருக்காரு. கோந்து மாத்திப் போட்டுட்டான்."

"கோந்து மேல ஒண்ணும் தப்பில்ல" என்றாள் மடிப்புக்காரி. "எத்தனை வியாழக்கிழமை அத்தை?"

அத்தை சால்வை நுனியை முறுக்கினாள்.

"கேக்கறாங்கல்ல? சொல்லும்மா." கொழுந்தன் குரல் உயர்ந்தது. "வாராவாரம் உன்னைச் சைக்கிள்ல உக்காத்தி வச்சு பஸ் நிறுத்தத்துல விட்டேனே நானு! கால் வலிக்கும்னு மெதுவா மிதிச்சேனே!"

"பதினாலு மாசம்" என்றாள் அத்தை. "போன வருஷம் லீவுல வந்தப்ப அவனே என்கிட்டச் சொன்னான். நான் திட்டத்தான் போனேன். சத்தியமாத் திட்டத்தான் போனேன்மா. மாடியேறினதுல மூச்சு வாங்குச்சு. நாற்காலி போட்டா. தண்ணி குடுத்தா. சொல்ல வாயெடுத்தேன். அதுக்குள்ள, உங்க பிள்ளை எழுதியிருக்கறதைக் கேளுங்கம்மான்னு படிக்க ஆரம்பிச்சுட்டா."

"கேட்டீங்க."

"கேட்டேன்." அத்தை முகத்தைத் தூக்கினாள். அதில் வெட்கம் இருந்தது. கூடவே, எதையோ விட்டுக்கொடுக்க மனசில்லாத ஒரு பிடிவாதமும் இருந்தது. "இங்க வர்ற லெட்டர்ல என் பிள்ளை நலம், நலமறிய ஆவல்னு எழுதறான். வாசல்ல வந்து நின்னுட்டுப் போற விருந்தாளி மாதிரி. அங்கதான் அவன் பேசறான். ஈரச் சாக்ஸைச் சட்டைக்குள்ள போட்டுப் படுத்துக் காயவைக்கறேன்னு சொல்றான். பொத்தானைப் பணயம் வச்சுச் சீட்டாடித் தோத்துட்டு, கோட்டுக்குக் கயிறு கட்டிக்கிட்டுத் திரியறேன்னு சொல்றான். என் பிள்ளை உயிரோட இருக்கானான்னு நான் எங்க போய்ப் பாக்கறது? அவனோட சிரிப்பு அங்கதானே இருந்துச்சு."

மடிப்புக்காரி மேசை மேலிருந்த தாளின் ஓரத்தை விரலால் நீவினாள். மெதுவாகத்தான் பேசினாள்.

"ஒவ்வொரு லெட்டரையும் இதே இடத்துல நின்னு படிச்சேன். படிச்சு முடிச்சதும் நீங்க என் தலையைத் தடவி, 'பாவம் பய, அவனுக்கு எழுத நேரமில்ல, மனசுல வச்சிருப்பான்'னு சொல்வீங்க. அதை நம்பித்தான் அத்தை நான் அடுத்த லெட்டர் வரைக்கும் இருந்தேன். அவர் எழுதினதை நம்பி இல்ல. நீங்க சொன்னதை நம்பி."

அத்தை அழுதிருந்தால்கூட அவள் மனசு இளகியிருக்கும். அத்தை அழவில்லை. அவள் கண் சுவர்க் கடிகாரத்துக்குப் போய்வந்தது. ஒரு நொடிதான். ஆனால் மடிப்புக்காரி பார்த்துவிட்டாள்.

"போகணுமா அத்தை?"

"அங்கயும் லெட்டர் வந்திருக்கும்…"

"அங்க வந்திருக்கறது என்னோடது. அதுல சிரிப்பு இருக்காது."

கொழுந்தன் மேசையில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டான்.

மடிப்புக்காரி கோட்டைத் திரும்ப மாட்டினாள். மேசை மேலிருந்த கடிதத்தை எடுத்துக்கொண்டாள். "எழுந்திருங்க. வழி காட்டுங்க. அவங்களதைக் குடுத்துட்டு என்னுதை வாங்கிக்கறேன்."

இதைக் கேட்டதும் அத்தை முகத்தில் வந்தது பார், அது வெட்கம் இல்லை, பயம். மருமகள் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "நீ வராதம்மா. நானே வாங்கிட்டு வர்றேன். உன் கால்ல வேணா விழறேன். நீ அங்க வராத."

"எதுக்கு இவ்வளவு பயப்படறீங்க? நான் சண்டை போடற ஆளா?"

"அதில்ல…"

எது என்று அத்தை சொல்லவில்லை. பஸ்ஸிலும் சொல்லவில்லை. இருவரும் ஒரே இருக்கையில், நடுவில் ஒரு கைப்பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்து போனார்கள். பஸ்ஸின் வழுக்கலான படியில் இறங்கும்போது மடிப்புக்காரியின் கை தானாக நீண்டு அத்தையின் முழங்கையைத் தாங்கியது. பழகிய கை, கண்ணு. அதற்கு மனசில் நடப்பது தெரியாது. தெரிந்ததும் விட்டுவிட்டாள்.

மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே ஒற்றை அறை வீடு. படி குறுகல். அத்தை முன்னால் ஏறினாள். எந்தப் படியில் நிற்க வேண்டும், எங்கே கைப்பிடியைப் பிடிக்க வேண்டும் என்று அவள் காலுக்கும் கைக்கும் தெரிந்திருந்தது. அதைப் பின்னாலிருந்து பார்ப்பதுதான் மடிப்புக்காரிக்குக் கஷ்டமாக இருந்தது. பதினாலு மாசத்துப் பழக்கம் அந்த நடையில் இருந்தது.

தட்டுவதற்கு முன்னே கதவு திறந்தது.

மடிப்புக்காரி மனசுக்குள் ஒரு மோகினியைச் செய்து வைத்திருந்தாள். வந்தவள் சின்ன உருவம். விரலெல்லாம் மை. கொண்டையில் ஒரு பென்சில். விலாசம் எழுதிக் கொடுக்கிற வேலை போலிருக்கிறது. பின்னால் மேசை நிறைய உறைக் கட்டுகள். வயது இருபத்தைந்துக்கு மேல் இருக்காது. அத்தையைப் பார்த்ததும் அந்த முகம் மலர்ந்த மலர்ச்சியில் கள்ளம் ஒரு துளி இல்லை.

"வாங்கம்மா! காணோமேன்னு ஜன்னலுக்கும் கதவுக்குமா நடந்துக்கிட்டிருந்தேன். கால் ரொம்ப வலிக்குதா? முகமே சரியில்லையே?" பிறகுதான் பின்னால் நின்றவளைப் பார்த்தாள். ஒரு கணம் யோசித்தாள். கையைத் தட்டினாள். "சொல்லாதீங்க, நானே சொல்றேன். உங்க பொண்ணு! ஆஸ்பத்திரியில வேலை பாக்கறாங்களே, அவங்கதானே?"

மடிப்புக்காரி அத்தையைப் பார்த்தாள். அத்தை சுவரைப் பார்த்தாள்.

"அக்கா, உங்களைப் பார்க்கணும்னு எத்தனை நாளாக் கேட்டுக்கிட்டிருக்கேன் தெரியுமா? அம்மா வாய் ஓயாம உங்களைப் பத்தித்தான் பேசுவாங்க. என் பொண்ணு கை பட்டாத்தான் வலி போகும்பாங்க. இன்னிக்கு நீங்க வந்தது எவ்வளவு நல்லதாப் போச்சு பாருங்க. ஒரு கூத்து நடந்திருக்கு!"

அவள் உள்ளே ஓடி ஒரு கடிதத்தோடு வந்தாள். ஒற்றைத் தாள்.

"உங்க லெட்டர் எனக்கு வந்துடுச்சு. உறை மாத்திப் போட்டுட்டாங்க. பதறிப் போயி முழுசாப் படிச்சுட்டேன், கோவிச்சுக்காதீங்க. ஆனா ரெண்டாவது வரியிலயே தெரிஞ்சுடுச்சு, இது எனக்கு எழுதினது இல்லன்னு. நலமறிய ஆவல், அம்மா முழங்காலைப் பாத்துக்க, தம்பியைச் சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விடச் சொல்லு…" அவள் செல்லமாகச் சிரித்தாள். "அண்ணன் தங்கச்சிக்கு எழுதற மாதிரியே இருந்துச்சு. அதான் உங்களுக்குன்னு கண்டுபிடிச்சேன்."

தாளை நீட்டினாள்.

மடிப்புக்காரி கையை நீட்டவில்லை. இரண்டு வருஷம். அவள் காத்திருந்து, வரிசையில் நின்று, கை கழுவி, சத்தமாகப் படித்து, பெட்டிக்குள் அடுக்கி வைத்த கடிதமெல்லாம், முன்பின் தெரியாத ஒரு பெண் கண்ணுக்குத் தங்கைக்கு எழுதினதாகத் தெரிந்தது. அந்தப் பெண் பொய் சொல்லவில்லை. அதில் வேறெதுவும் இல்லை.

அத்தை மெல்லத் திரும்பினாள். அந்தக் கண்கள் மருமகளைக் கெஞ்சின. பேச வேண்டியதே இல்லை, என்ன கேட்கிறாள் என்பது தெளிவாக இருந்தது. 'அம்மா' என்று ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொல்லித் தாளை வாங்கிக்கொண்டு படியிறங்கினால், இந்த மாடியும், இந்த நாற்காலியும், அதில் கேட்கிற சிரிப்பும் அத்தைக்குத் தொடர்ந்து கிடைக்கும். அந்தச் சின்னவளும் ஒன்றும் அறியாமல் சிரித்துக்கொண்டிருப்பாள். பதிலுக்கு மடிப்புக்காரிக்கு ஒரு தாய் மிஞ்சலாம். பொய்யான தாயானாலும், தலையைத் தடவுகிற கை.

அவள் ஒரு மூச்சு இழுத்தாள்.

"அத்தை," என்றாள், அந்த ஒற்றை அறை முழுக்கக் கேட்கும்படி, "என் வீட்டுக்காரர் எனக்கு எழுதின லெட்டரை வாங்கிக்குங்க."

மை படிந்த கை நீட்டியபடியே நின்றது. சின்னவள் முதலில் இவளைப் பார்த்தாள். பிறகு, பதினாலு மாசமாகத் தன் நாற்காலியில் உட்கார்ந்து தன்னோடு சிரித்த அந்தம்மாவைப் பார்த்தாள்.

"அத்தையா?" என்றாள். "அம்மா… இவங்க யாரும்மா?"

அத்தை கதவு நிலையைப் பிடித்தபடி அப்படியே சரிந்து உட்கார்ந்தாள். இருபுறமும் இரண்டு பெண்கள் நின்றார்கள். தாங்கிப் பிடிக்க இருவருக்குமே கை எழுந்தது. இருவருமே பாதியில் நிறுத்திக்கொண்டார்கள்.

அந்த மூன்று பேரையும் அந்த வாசலில் அப்படியே விட்டுவிட்டு உன்னை அனுப்ப எனக்கும் மனசில்லைதான், கண்ணு. ஆனாலும் உன் வீட்டிலும் வேலை கிடக்கும், போய்ப் பார். உன் வீட்டுக்கு வருகிற ஒவ்வொரு கடிதமும் உன்னை நினைத்தே எழுதினதாக இருக்கட்டும். தூரத்தில் இருக்கிற உன் பிள்ளையோ, புருஷனோ, கூடப்பிறந்தவனோ முழுசாகத் திரும்பி வந்து, உன் மேசையில் உட்கார்ந்து, வாய் ஓயாமல் உன்னிடமே பேசட்டும். உன் தலையைத் தடவுகிற கை உண்மையான கையாக இருக்கட்டும். நீயும் உன்னைச் சேர்ந்தவர்களும் நிறைவாக இருங்கள்.